மெனானாவின் திருகை

மெனானா மவுத்தாகி இன்றோடு நாற்பது நாள். ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாய் இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் கிணற்றடியைத் தாண்டும்போது, "அரபி ஆலிம்சா வந்திருக்காராமே, ஆளையே காணோம், தலைப்பா மட்டும் தனியா நடந்து போகுது" என்றாள். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உடம்பு ஒல்லி, தலைப்பாகை பெரிது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் தெத்துவான் பட்டணத்தில் பிறந்த அரபி. அத்தா தோல் வியாபாரி. ஸ்பானியர்களோடு பழக்கம் இருந்ததால் அந்தப் பாஷை எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ரீஃப் மலையின் கடலோரத்தில் இருக்கிற இந்தப் பெர்பர் ஊருக்கு, ஒரு வருஷம் ஓதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். முப்பத்து நாலு வருஷம் ஆயிற்று. இன்னும் நான் இவர்களுக்கு 'அரபி'தான். முறை வைத்து வீட்டுக்கு ஒரு நாள் எனக்குச் சாப்பாடு அனுப்புவார்கள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது, செத்தவர் மையத்துக்குத் தொழவைப்பது, கோழி அறுப்பது, பால் வற்றிப்போன ஆட்டுக்குத் தாயத்து எழுதுவது என்று என்னிடம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். நிலத் தகராறு, வெட்டுக்குத்து, பெண் விவகாரம் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வழக்கப்படி முடித்துக்கொள்வார்கள். பெட்டி நிறைய மார்க்கக் கிதாபு கொண்டுவந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது எனக்கு வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருந்தது. அப்போது யாராவது கேட்டிருந்தால் இல்லையென்று சாதித்திருப்பேன்.

மெனானா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரும்போது அவள் தாய் கொடுத்தது ஒரு கருங்கல் திருகை. ஒரு கோவேறு கழுதையின் மேல் ஒரு பக்கம் கீழ்க்கல்லும் மறு பக்கம் மேல்கல்லுமாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். இந்த மலையில் வீடு ஆணுக்கு, திருகை பெண்ணுக்கு. புருஷன் தலாக் சொல்லி அனுப்பினாலும் கல் அவளோடு போய்விடும். அந்தக் கல்லுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. கொலை செய்தவனே ஆனாலும், ஒரு வீட்டுக்குள் வந்து திருகையின் பிடியைப் பிடித்து மாவரைப்பது போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், அவன் அந்தக் கல்லுக்கு உடையவளின் அடைக்கலம். பிறகு அவனை யாரும் தொடக் கூடாது. எங்கே போக வேண்டும் என்கிறானோ அங்கே பத்திரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். தவறினால் அந்தக் குடி விளங்காது என்பார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்தக் கிதாபில் இருக்கிறது இது?

மெனானாவின் புருஷன் புஸியான் அதிகம் பேசாதவன். அவள் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொள்வாள். ஊரில் அவனுக்கு ஒரு மதிப்பு இருந்தது. காற்று எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். கோடையில் பாய்க்கப்பல்கள் முனையைச் சுற்றிப் போகும்போது சில நாள் காற்று அடியோடு செத்துவிடும். பாய் தொங்கிப்போய்க் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். காலையில் வரப்புமேட்டில் நின்று கடலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு நிக்கும்" என்பான் புஸியான். உடனே படகுகளைத் தள்ளுவார்கள். எங்கள் வாற்கோதுமை அரை வருஷத்துக்குத்தான் வரும். மீதி அரை வருஷத்துக்கு மத்தி மீனும், நின்றுபோன கப்பல்களும். கருவாடு, கயிறு, இரும்புச் சட்டி, மண்ணெண்ணெய் டின் எல்லாம் வரும். ஒரு முறை வந்த சுவர்க்கடிகாரத்தை ஆட்டுக்கு நேரம் பார்க்கத் தொழுவத்தில் மாட்டி வைத்தான் ஒருத்தன். கடலில் எடுத்தது ஹலாலா ஹராமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. நான் போட்டிருந்த அங்கியே பாய்த்துணியில் தைத்ததுதான்.

புஸியானுக்கு ஒரு தம்பி, ஹம்மாதி. மெனானா இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. அவளுக்குப் பிள்ளை இல்லை, அவனைத்தான் வளர்த்தாள். இருபத்து நாலு வயதுக் காளையாக வளர்ந்த பிறகும் மதினியின் முதுகுக்குப் பின்னால் நின்று ரொட்டியைத் திருடுவான். "கையை ஒடிச்சிருவேன்" என்பாள். "ஒடிச்சா நீங்கதான் மதினி எனக்கு ஊட்டணும்" என்பான். ஊரே கேட்டுச் சிரிக்கும் சண்டை அது.

நான் வந்து பதினோராம் வருஷம், கோடை முடிகிற சமயம், ஒரு திங்கட்கிழமை காலையில் புஸியான் "நிக்கும்" என்றான். நின்றது. மூன்று படகுகள் போயின. ஸ்பானியச் சரக்குக் கப்பல், ஆட்கள் ஏழெட்டுப் பேர். படகுகளைக் கண்டதும் அவர்கள் தங்கள் சிறு படகை இறக்கி மறு பக்கமாகத் தப்பிவிட்டார்கள். ஒருவன் மட்டும் பின்தங்கிவிட்டான். சமையல்காரன். ஐம்பதை நெருங்கிய ஆள், தொப்பை, நீச்சல் தெரியாது, குதிக்கப் பயம். முதலில் தொற்றி ஏறியவன் ஹம்மாதி. அவன் தலை மேலே வந்ததும் பயத்தில் அந்த மனிதன் கையிலிருந்த இரும்பு வாணலியை வீசிவிட்டான். ஹம்மாதி பின்னால் சாய்ந்து விழுந்தான். படகின் விளிம்பில் பிடரி மோதிற்று. கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

கரையிலேயே சமையல்காரனைக் கொன்றிருப்பார்கள். ஊர்ப் பெரியவர் அஸ்ஸூஸ்தான் தடுத்தார். "துக்கம் மூணு நாள். துக்கத்துல ரத்தம் கூடாது. புதன்கிழமை கூடிப் பேசுவோம். அதுவரைக்கும் ரத்தத்துக்கு உரிமைப்பட்ட வீடுதான் இவனைக் காவல் காக்கணும்" என்றார். அப்படியாக ஹம்மாதியைக் கொன்றவன் ஹம்மாதியின் வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்ந்தான். காலில் கயிறு போட்டு அத்திமரத்தில் கட்டினார்கள்.

மெனானா முதல் நாள் அவன் முகத்தில் துப்பினாள். தண்ணீரைக் காலால் தள்ளிவிட்டாள். இரண்டாம் நாள் நான் குர்ஆன் ஓதப் போனபோது அந்த மனிதன் என்னிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தான். பெயர் ரெமிஹியோ, காதிஸ் ஊர்க்காரன். "கொல்லப் போறாங்களா?" என்று கேட்டான். "புதன்கிழமை தெரியும்" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தின் மறு மூலையில் திருகை இருந்தது. அதைக் காட்டி, அதைப் பிடித்தால் பிழைப்பாய் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்குக் காட்டுமிராண்டிப் பழக்கம்.

"என்ன சொல்றான் அந்தச் சட்டிக்காரன்?" என்று மெனானா கேட்டாள்.

"வேணும்னு செய்யலையாம். பயத்துல வீசிட்டானாம்."

"வேணும்னு செஞ்சாலும் செய்யாட்டியும் என் பிள்ளை மண்ணுக்குள்ளதானே இருக்கான்" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் அவனுக்குத் தண்ணீர் வைத்தாள். கையில் கொடுக்காமல், எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள், புதன்கிழமை காலை. மூன்றாம் நாள் ஓதலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை வாற்கோதுமையை மெனானா தனியாக அரைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தீத்தம் உள்ளே படுத்து முனகிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். மெனானாவின் வலது மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றியிருந்தது. ஐந்து சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். ரெமிஹியோ பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, கயிறு எட்டுகிற வரைக்கும் வந்து, அவளுக்கு எதிரே குந்தினான். பிடியின் மேல் தன் கையை வைத்து, அவள் கையைத் தள்ளாமல் ஒதுக்கிவிட்டு, சுற்ற ஆரம்பித்தான். வேலை தெரிந்த கை. ஒரு பிடி தானியம் போடுவான், நாலு சுற்று, மறுபடி ஒரு பிடி.

மெனானா கல்லாகிவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஆலிம்சா, பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் அரைத்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து அழுதாள். ஹம்மாதிக்காக அழுதாளா, இனி அவனுக்காகப் பழிகூட வாங்க முடியாதே என்று அழுதாளா, எனக்குத் தெரியாது. பிறகு ரொட்டி சுட்டாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். இரண்டு ரொட்டி, ஆலிவ் எண்ணெய் தொட்டு.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் கூட்டம் கூடிற்று. இருபது இருபத்தைந்து ஆண்கள். பெண்கள் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம். தீத்தம் மார்பில் அடித்துக்கொண்டு, "என் மகன் ரத்தத்தைக் குடுங்கடா, ஆம்பளைங்களா நீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அஸ்ஸூஸ் பேச வாயெடுக்கும் முன் மெனானா சுவரைத் தாண்டி வந்து நடுவில் நின்றாள்.

"அவன் என் கல்லைப் புடிச்சுட்டான்" என்றாள்.

தீத்தம்கூட அழுகையை நிறுத்திவிட்டாள். அஸ்ஸூஸ் கேட்டார்: "யார் பாத்தது?"

"ஆலிம்சா பாத்தாரு."

"புடிச்சானா ஆலிம்சா?"

"பிடித்தான்" என்றேன்.

அதோடு விஷயம் முடிந்துபோயிற்று. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அஸ்ஸூஸ் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டார். புஸியான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். கொல்ல வேண்டும் என்பது அவனுக்குக் கடமை, ஆசை இல்லை. யாரோ ஒருவர், "ஸ்பானியக்காரங்க இருக்கிற கோட்டைத் தீவுக்குக் கொண்டுபோய் விட்டுரலாம், காலையில போகலாம்" என்று படகைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

போகிற போக்கில் அஸ்ஸூஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, ஆலிம்சாவுக்குக் கோழி அறுக்கத்தான் தெரியும்னு நெனச்சேன், சாட்சியும் சொல்லத் தெரியுதே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பதினோரு வருஷத்து எரிச்சல் அப்படியே தொண்டைக்கு வந்தது.

"பிடித்தான் என்றுதான் சொன்னேன். அடைக்கலம் கேட்டுப் பிடித்தான் என்று சொல்லவில்லை" என்றேன்.

அஸ்ஸூஸ் நின்றார். "என்ன வித்தியாசம்?"

நான் எழுந்தேன். தொழுகைக்கு நிற்கிறோம், நிய்யத்து இல்லாவிட்டால் தொழுகை ஆகுமா என்று கேட்டேன். நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறான் ஒருவன், நோன்பு என்று மனதில் நினைக்காவிட்டால் அது நோன்பா? எந்தச் செயலுக்கும் மனதில் ஒரு நோக்கம் வேண்டும். அந்த அந்நியனுக்கு இந்த ஊர் வழக்கமே தெரியாது. ஒரு பெண் கைவலியோடு அரைக்கிறாளே என்று உதவிக்குத்தான் வந்தான். அடைக்கலம் என்ற நினைப்பே அவன் மனதில் இல்லை. நினைப்பு இல்லாமல் பிடித்தது பிடித்ததாகாது. இப்படி நான் பேசினேன். கிதாபில் இருந்து அரபியில் இரண்டு வரியும் சொன்னேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக இந்த ஊர் நான் பேசுவதை வாய் திறந்து கேட்டது. இத்தனை தலைமுறையாகத் திருகையைப் பிடித்தவனிடம் உன் மனதில் என்ன இருந்தது என்று எவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான்தான் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து நடுவில் போட்டேன்.

"ஆலிம்சா சொல்லிட்டாரு! கிதாபே சொல்லிடுச்சு!" என்று தீத்தம் மறுபடி மார்பில் அடித்துக்கொண்டாள்.

மெனானா என் முன்னால் வந்து நின்றாள். "காலைல அந்த மாவுல ரெண்டு ரொட்டி தின்னீங்களே ஆலிம்சா. அதை எந்த நிய்யத்துல தின்னீங்க?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் என் எரிச்சலோடு சேர்ந்துகொண்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கூட்டம் என் சொல்லை ஏற்று, ரெமிஹியோவைச் சுடக் கரைக்குக் கொண்டுபோனது, ஹம்மாதியின் உடலை இறக்கிய அதே இடத்துக்கு. கை பின்னால் கட்டியிருந்தது. அவன் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தான் போல. நான் கூட்டத்தின் ஓரமாக நின்றேன். புஸியான் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது மேட்டுப்பாதையில் மெனானா வருவது தெரிந்தது. விறகு சுமப்பது போல முதுகில் எதையோ கயிற்றால் கட்டிச் சுமந்துகொண்டு, குனிந்து, கிட்டத்தட்ட ஓட்டமாக வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் புரிந்தது. திருகையின் மேல்கல். இரண்டு ஆண்கள் தூக்குகிற கனம்.

அவன் காலடியில் அதை இறக்கினாள். மூச்சு வாங்கிற்று. "கட்டை அவுங்க" என்றாள். "நிய்யத்துதானே வேணும்? இப்போ புடிக்கட்டும். நிய்யத்தோட புடிக்கட்டும்."

கூட்டம் அஸ்ஸூஸைப் பார்த்தது. அஸ்ஸூஸ் தாடியைத் தடவினார். அவருக்கும் அந்த வழி பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். "சரி, அவுத்து விடுங்க. ஆனா அவனாப் புடிக்கணும். யாரும் கையை எடுத்து வைக்கப்படாது" என்றார். புஸியான் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

கட்டை அவிழ்த்தார்கள். ரெமிஹியோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புடிடா! புடி!" என்று மெனானா கத்தினாள். கையால் சுற்றுவது போலக் காட்டினாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடற்கரையில், சாகப்போகிற நேரத்தில், மாவரைக்கச் சொல்கிறாள் ஒருத்தி. அவள் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தாள்.

"ஆலிம்சா! அவன் பாஷை உங்களுக்குத்தானே தெரியும்! சொல்லுங்க! ஒரு வார்த்தை சொல்லுங்க!"

ஒரு வார்த்தைதான். ஸ்பானிய மொழியில் 'பிடி' என்பதற்கு ஒரே வார்த்தை. அது என் நாக்கு நுனியில் நின்றது. பயம் என்று சொன்னால் பாதிப் பொய். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் ஊரே என் தீர்ப்பைக் கேட்டு நடந்திருக்கிறது. அதை நானே உடைக்க வேண்டும். அதுவும் கிணற்றடியில் என்னைக் கேலி செய்தவள் சொல்லி. இதையெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று மூச்சு. அந்த மூன்று மூச்சில் ரெமிஹியோ குனிந்தான். கல்லுக்குத்தான் குனிகிறான் என்று நினைத்தேன். அவன் பார்த்தது அவள் கையை. சுற்றியிருந்த துணி அவிழ்ந்து மணிக்கட்டு கறுத்து வீங்கியிருந்தது. அவன் ஏதோ சொல்லிக்கொண்டே கையை நீட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

இத்தனை ஆண்களுக்கு முன்னால், தம்பியைக் கொன்றவன் தன் பெண்டாட்டியின் கையைப் பிடிக்கிறான். புஸியான் சுட்டான்.

மெனானா கத்தவில்லை. தீத்தம்தான் குலவையிட்டாள், அதுவும் பாதியில் நின்றுபோயிற்று. மெனானா என்னிடம் வந்தாள். "என்ன சொன்னான்?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன், காதில் விழவில்லை என்பது போல. விழுந்திருந்தது. அவள் திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டாள். கல்லை எடுத்துப் போகவில்லை.

எடுத்துப் போகவே இல்லை. கொஞ்ச காலம் அது கரையில் கிடந்தது. பிறகு எவனோ அதன் துளையில் கயிறு கோத்துப் படகுக்கு நங்கூரமாக்கிக்கொண்டான். அடுத்த அறுவடையில் புஸியான் சந்தையிலிருந்து புதுத் திருகை ஒன்று வாங்கி வந்தான். அவள் அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் அரைத்து வாங்கிப் புருஷனுக்கும் மாமியாருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டாள். எனக்குச் சாப்பாடு அனுப்ப அவள் வீட்டு முறை வரும் நாளில் மட்டும் ஒரு கிண்ணத்தில் அரைக்காத வாற்கோதுமை வந்தது. உமிகூட நீக்கவில்லை. கொண்டுவந்த பிள்ளையிடம் என்ன இது என்று கேட்டேன். "மெனானா சாச்சி ஒண்ணும் சொல்லலை" என்றது. நான் அதை வேகவைத்துத் தின்றேன். அடுத்த முறையும் அதுவேதான். எனக்குக் கடைவாய்ப் பல் நாலு போனதற்கு அவள்தான் காரணம். ஊர்ப் பெரியவர்களிடம் புகார் சொல்லியிருக்கலாம். எந்த முகத்தோடு சொல்வது?

ஊரும் நல்லபடியாக இல்லை. அதற்கு இரண்டாம் வருஷம் சுல்தானின் படை மலை ஏறி வந்தது. ஐரோப்பாக்காரர்கள் நெருக்கினார்களாம், கப்பல் பிடிக்கிறவர்களை அடக்கு என்று. எல்லாப் படகையும் கரையில் குவித்துக் கொளுத்தினார்கள். புஸியானையும் இன்னும் பதினாறு பேரையும் ஒரே சங்கிலியில் கோத்து நடத்திக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. படை வராவிட்டாலும் தொழில் நின்றிருக்கும். புகைக்கப்பல்கள் வந்துவிட்டன. அவற்றுக்குக் காற்று நின்றால் என்ன, அடித்தால் என்ன.

புஸியானின் கதையில் நான் சொல்ல விரும்பாத ஒரு பகுதி உண்டு. படை வந்த அன்று அவன் ஓடிப்போய் மலைக்கு மேலே இருக்கும் ஊரில் ஒரு வீட்டுத் திருகையைப் பிடித்தான். பழைய நாளாக இருந்தால் அந்த ஊரே துப்பாக்கியோடு அவனுக்காக நின்றிருக்கும். அங்கே இருந்தவர்கள், "நிய்யத்து வேணும்னு உங்க ஊர் ஆலிம்சாதானே சொன்னாரு? நீ அடைக்கலம்னு புடிச்சியா, இல்ல ஒளிஞ்சுக்க எடம்னு புடிச்சியா?" என்று விசாரணையை ஆரம்பித்தார்களாம். அவர்களுக்கும் படைக்குப் பயம். சொல்லிக்கொள்ள ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நான் ஏற்கெனவே செய்து கொடுத்திருந்தேன்.

மெனானா மாமியாரை வைத்துக் காப்பாற்றினாள். தீத்தம் பத்து வருஷம் படுக்கையில் கிடந்தாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வாய் மட்டும் கடைசிவரை குறையவில்லை. எல்லாரையும் கேலி செய்தாள், பெரியவர் சிறியவர் பார்க்காமல். என்னை மட்டும் செய்யவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவாள். இருபத்து மூன்று வருஷமும் அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று நான் ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்?

போன மாசத்துக்கு முந்தின மாசம் அவளே ஆள் அனுப்பினாள். போனேன். படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"உக்காருங்க ஆலிம்சா. தலைப்பா சின்னதாயிருச்சே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அன்னைக்கு அவன் என்னமோ சொன்னான். உங்க காதுல விழுந்துச்சு, எனக்குத் தெரியும். உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். என்ன சொன்னான்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அடைக்கலம் கேட்டான் என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலா, வேதனையா? எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"'இந்தக் கையோடயா தாயி இதைத் தூக்கிட்டு வந்தே'ன்னு கேட்டான்."

மெனானா வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"அப்போ அவன் கேக்கவே இல்ல" என்றாள்.

"இல்லை."

"மூணு நாள் என் வீட்டுல இருந்தான். கல்லைப் புடிச்சுட்டான், இனி பயமில்லைன்னு நான் பாட்டுக்கு ரொட்டி சுட்டேன். அவனுக்கு ஒரு ஜாடை காட்டிச் சொல்லி வச்சிருக்கலாம். அதை நான் செய்யல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா ஆலிம்சா, அவன் கேக்காட்டி என்ன? நான் குடுத்தேனே. என் கல்லு, என் வீடு, செத்தது என் பிள்ளை. கூட்டத்துல நிய்யத்து நிய்யத்துன்னு அவ்வளவு பேசுனீங்க. என் நிய்யத்து என்னன்னு ஒருத்தரும் கேக்கலையே."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆறு நாள் கழித்து மவுத்தானாள். மையத்தை முன்னால் வைத்து ஊர் மொத்தமும் பின்னால் வரிசையாக நின்றது. நான் முன்னே போய்க் கையை உயர்த்தினேன். தொழவைக்கிறவன் முதலில் மனதில் நிய்யத்து வைக்க வேண்டும். முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ மையத்துக்கு யோசிக்காமல் வைத்திருக்கிறேன். அன்று வரவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது. பின்னால் இருமல் சத்தம் கேட்டது, பிறகு முணுமுணுப்பு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அஸ்ஸூஸின் மகன் வந்து என் தோளைப் பிடித்து மெதுவாக வரிசைக்கு நகர்த்திவிட்டு, தானே முன்னால் நின்று தொழவைத்தான்.